எட்டில் ஒரு சென்ட்: ஓர் இளம் மேயரைப் பற்றி ஓர் ஊர் கொண்டிருந்த எண்ணம்

2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு வாரம் முழுவதும் எனக்குத் தொலைபேசியில் வந்த கேள்வி ஒன்றேதான்: "உங்கள் ஊர் மேயர் ஒருநாள் அதிபராகிவிடுவார் போலிருக்கிறதே?" கேட்டவர்கள் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த நண்பர்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோ என்றால் அலாமோ கோட்டையும் ஆற்றங்கரை உணவகங்களும் மட்டுமே அதுவரை அவர்கள் நினைவுக்கு வரும். செப்டம்பர் 4 அன்று இரவு, சார்லட் நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் எங்கள் மேயர் ஹூலியான் காஸ்ட்ரோ முதன்மை உரை ஆற்றினார். அக்கட்சி மாநாட்டில் அந்த உரையை ஆற்றிய முதல் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர், அவர்தான்; வயது 37. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே உரையை ஆற்றிய பராக் ஒபாமா அடுத்த தேர்தலிலேயே அதிபரானவர் என்பதால், அந்த ஒப்பீட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அதே வாரத்தில், நகரின் வடமேற்கில் நாங்கள் குடியிருந்த தெருவில், பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று என்னிடம் கேட்டது வேறு. நவம்பரில் வாக்கெடுப்புக்கு வரவிருந்த விற்பனை வரி உயர்வைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். நான் விசாவில் இருப்பவன், எனக்கு வாக்கு இல்லை என்றேன். வாக்கு இல்லாவிட்டாலும் கடையில் சோப்பு வாங்கும்போது அந்த வரியை நீங்களும்தானே கட்டப்போகிறீர்கள், கருத்து இல்லாமல் எப்படி என்றார். மேயரின் உரையைப் பற்றி நானாகக் கேட்டபோது, "நன்றாகப் பேசினார், அவர் அம்மாவுக்குப் பெருமையாக இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிக்கே திரும்பினார்.

வெளியே வீசிய புகழும் வேலியோரம் கேட்ட அந்தக் கேள்வியும் ஒரே மனிதரைப் பற்றியவைதான் என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. காஸ்ட்ரோ மேயராக இருந்த 2009 முதல் 2014 வரையிலான காலம் முழுவதும் நான் அவ்வூரில் வாழ்ந்தேன். அவரைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்று எவரேனும் கேட்டால், கைதட்டலையும் தேர்தல் விழுக்காட்டையும் விட அந்த வரி வாக்கெடுப்பையே நான் சான்றாகக் காட்டுவேன். அதற்கான காரணங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சான் அன்டோனியோ சிறிய ஊரல்ல. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 13 லட்சத்து 27 ஆயிரம் பேர் வாழ்ந்த, மக்கள்தொகையில் அமெரிக்காவின் ஏழாவது பெரிய நகரம். அவர்களில் ஐந்தில் மூவருக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள், பெரும்பாலும் மெக்சிகோ வழியினர். ஆனால் எண்ணிக்கை அதிகாரமாக மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் விடுதலை பெறுவதற்காகவே போரிட்ட ஹுவான் செகின் அந்நகரின் மேயராக இருந்தபோது, மெக்சிகோவுக்கு உளவு சொல்கிறார் என்ற ஐயத்துக்கு ஆளாகி 1842-இல் பதவியையும் ஊரையும் விட்டு ஓட வேண்டியிருந்தது. ஓர் ஹிஸ்பானிக் மேயரைப் பற்றிய பொதுக்கருத்தின் வரலாறு அவ்வூரில் அந்த ஐயத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்குப் பிறகு 139 ஆண்டுகள் மெக்சிகோ வழியினர் எவரும் அந்த நாற்காலியில் அமரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 'நல்லாட்சிக் கழகம்' என்ற பெயரில் வணிகப் பெருமக்கள் கூடி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டாரம் என்ற பிரிவே இல்லாமல் நகர் முழுவதும் சேர்ந்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாக்களிக்கும் முறை இருந்ததால், மழை பெய்தால் வெள்ளம் புகும் மேற்குப் பகுதித் தெருக்களுக்காகப் பேச நகர மன்றத்தில் ஆள் அரிது. 1971-இல் அந்த முறையை எதிர்த்து மன்றத் தேர்தலில் நின்று தோற்ற இளம்பெண்களில் ஒருவர் ரோசி காஸ்ட்ரோ. மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒரு நிமிடம் முன்னதாகப் பிறந்தவர் ஹூலியான், அடுத்தவர் ஹ்வாகீன். சிறுபான்மையினரின் வாக்குரிமையைக் காக்கும் கூட்டாட்சி அரசின் வாக்குரிமைச் சட்டம் 1975-இல் டெக்சாஸுக்கும் விரிவுபடுத்தப்பட்டு, அதன் அழுத்தத்தால் 1977-இல் தனித்தனி வட்டாரங்கள் வந்தன. நான்கே ஆண்டுகளில், 1981-இல், ஹென்றி சிஸ்னேரோஸ் 33 வயதில் மேயரானார்.

காஸ்ட்ரோவைப் பற்றிப் பேசிய முதியவர்கள் எவரும் சிஸ்னேரோஸை விட்டுவிட்டுப் பேசியதில்லை. அவரும் இளைஞர், பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர், 1984-இல் துணை அதிபர் வேட்பாளராகப் பரிசீலிக்கப்பட்டவர், கிளின்டன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறை அமைச்சராகவும் ஆனவர். பிறகு, முன்னாள் காதலிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்ன குற்றத்தை 1999-இல் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1981-இல் அவருக்கு வாக்களித்த அன்று தம் தந்தை அழுததைச் சொல்லியிருக்கிறார். அவருடைய வீழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தாம் அறையை விட்டு எழுந்து போனதையும் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மனத்தைக் கொடுத்துவிட்டு வலித்தவர்கள் அடுத்தவருக்கு அவ்வளவு எளிதாகக் கொடுப்பதில்லை. நாடு 'வளரும் தலைவர்' என்று காஸ்ட்ரோவைக் கொண்டாடியபோது, அந்தச் சொல் அவ்வூரின் மூத்த மெக்சிகோ வழியினரிடம் பெருமிதத்தோடு ஓர் அச்சத்தையும் எழுப்பியது. இதை வெளியூர்ச் செய்தியாளர்கள் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டான்ஃபோர்டிலும் ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய காஸ்ட்ரோ, 2001-இல் தமது 26-ஆம் வயதில் மன்ற உறுப்பினரானார். நகரின் குடிநீருக்கு ஆதாரமான எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்ப்படுகை ஊறும் நிலத்தில் பெரிய கோல்ஃப் விடுதி ஒன்று வரவிருந்தது. அதைக் கட்டவிருந்தவர்களுக்காக வாதாடிய சட்ட நிறுவனத்தில்தான் அவருக்கு வேலை. நலன் முரண்பாடு காரணமாக அவர் வாக்களிக்க முடியாது என்ற நிலையில், வேலையை விட்டுவிட்டு வந்து எதிர்த்து வாக்களித்தார். மன்ற உறுப்பினருக்கு அன்று கிடைத்த ஊதியம் கூட்டம் ஒன்றுக்கு 20 டாலர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த முடிவின் கனம் புரியும். அவரைப் பிடிக்காதவர்கள்கூட எதிர்க்குரல் எழுப்பாமல் ஏற்றுக்கொண்ட ஒரே செயல் அதுதான் என்று பின்னாளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆயினும் 2005-இல் மேயர் தேர்தலில் நின்றபோது ஊர் அவரை ஏற்கவில்லை. அந்தத் தேர்தல் காலத்தில் ஆற்றில் நடந்த திருவிழாப் படகு ஊர்வலத்தில், மன்ற உறுப்பினர்களின் படகில் நின்று கூட்டத்தை நோக்கிக் கையசைத்தவர் ஹூலியான் அல்லர், அவருடைய இரட்டையரான ஹ்வாகீன். ஏமாற்று வேலை என்று எதிரணி பிடித்துக்கொண்டது. முதல் சுற்றில் முன்னணியில் வந்தவர், இறுதிச் சுற்றில் 70 வயதான ஓய்வுபெற்ற நீதிபதி பில் ஹார்ட்பெர்கரிடம் 4,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். படகுக் கதையால்தான் தோற்றார் என்பது ஊரில் வழங்கும் பேச்சு. நான் அதை முழுவதும் நம்பவில்லை. 30 வயதுக்காரரிடம் இவ்வளவு பெரிய ஊரை ஒப்படைக்கலாமா என்ற தயக்கம் முன்பே இருந்தது. படகு அந்தத் தயக்கத்துக்கு ஒரு காட்சியைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009 மே மாதத்தில், பலர் போட்டியிட்ட தேர்தலில் 56 விழுக்காடு பெற்று இறுதிச் சுற்று தேவைப்படாமலே வென்றார். நான் ஊருக்கு வந்து சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவ்வூரில் மேயர் என்பவர் யார் என்று எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின. நாள்தோறும் நிர்வாகத்தை நடத்துபவர் மன்றம் நியமிக்கும் நகர மேலாளர். நம் மாநகராட்சிகளில் ஆணையர் இருக்கும் இடத்தோடு ஒப்பிடலாம். மேயருக்கு மன்றத்தின் 11 வாக்குகளில் ஒன்று மட்டுமே சொந்தம். ஆண்டுக்கு 3,000 டாலரும் கூட்டப்படியும் தவிர அன்று ஊதியமும் இல்லை. முழு ஊதியம் என்று ஒன்று வந்தது 2015-இல், அவர் போன பிறகுதான். ஆகவே சாலை சரியாக இருந்தாலும் பழுதாக இருந்தாலும் அதன் பேர் மேயரைச் சேர்ந்தது, கையெழுத்து வேறொருவருடையது.

அப்படிப்பட்ட பதவியில் ஒருவர் செய்யக்கூடியது, தம் ஒரு வாக்கையும் தம் மீதுள்ள நம்பிக்கையையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மட்டுமே. அவர் பதவியேற்ற ஆண்டிலேயே ஒரு சோதனை வந்தது. நகருக்குச் சொந்தமான மின்வாரியம் அணுமின் நிலைய விரிவாக்கத்தில் பங்கேற்கவிருந்த வேளையில், செலவு மதிப்பீடு பல நூறு கோடி டாலர் கூடக்கூடும் என்ற தகவல் மன்றத்துக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்தது அம்பலமானது. அவர் மின்வாரியத் தலைமையைப் பதவி விலகச் சொன்னார். நகரமும் அத்திட்டத்தில் தன் பங்கைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. மின்கட்டணச் சீட்டை மாதந்தோறும் பார்க்கும் மக்களுக்கு இது எந்த மேடைப் பேச்சையும் விட நன்றாகப் புரிந்தது. என் அலுவலகத்தில் குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கும் நண்பர் ஒருவர் அந்த மேயரை முதன்முதலாகப் பாராட்டியது அப்போதுதான்.

2011-இல் ஏறத்தாழ 82 விழுக்காடு பெற்று மீண்டும் வென்றார். இந்த எண்ணை அவரைப் பற்றி எழுதிய எவரும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை. மே மாதத்துச் சனிக்கிழமை, கட்சிச் சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு, பெயர் தெரிந்த போட்டியாளர் இல்லை. வந்தவர்களின் அன்பு மெய்யானதே. வராதவர்களின் மௌனத்தையும் அன்பு என்று எழுதிவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த மௌனத்துக்குள் மனநிறைவும் இருந்திருக்கலாம். நகராட்சி தம் வாழ்வை ஒருநாளும் தொட்டதில்லை என்ற சலிப்பும் இருந்திருக்கலாம்.

அவரைப் பற்றி ஊர் பேசியவற்றில் என்னை மிகவும் தொட்டது மொழி பற்றிய பேச்சு. ஹிஸ்பானிக் மக்களின் எதிர்காலத் தலைவர் என்று நாடு அழைத்த அவருக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது. தேசியச் செய்தியாளர்கள் இதை ஒரு குறையாகத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெக்சிகோவிலிருந்து அண்மையில் வந்தவர்களிலும் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவ்வூரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்தக் குறைகூறலை நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதற்கு விடை சொன்னார். மேற்குப் பகுதிப் பள்ளியில் அவர் படித்த காலத்தில் விளையாட்டுத் திடலில் ஸ்பானியச் சொல் ஒன்று வாயிலிருந்து விழுந்தாலும் பிரம்படி உண்டு. டெக்சாஸ் முழுவதும் அந்தத் தலைமுறைக்கு நேர்ந்தது அதுவே. அடி வாங்கிய பிள்ளைகள் பெற்றோரானபோது, தம் குழந்தைகளை ஆங்கிலத்திலேயே வளர்த்தார்கள். "அவருக்கு ஸ்பானிய மொழி வரவில்லை என்றால் அதற்குக் காரணமான அடி என் உள்ளங்கையில் இருக்கிறது" என்று அவர் சொன்னபோது, என்னால் உடனே எதையும் பேச முடியவில்லை. எங்கள் வீட்டில் தமிழ் தேய்ந்துகொண்டிருந்ததற்கு அப்படி எந்த அடியும் காரணமில்லை. எங்கள் அசட்டையே காரணம். அன்றிரவு என் மகளிடம் தமிழில் கதை சொல்லத் தொடங்கியதற்கும் அந்த வேலியோரப் பேச்சுக்கும் தொடர்பு உண்டு.

சார்லட் உரையில் காஸ்ட்ரோ தம் பாட்டியைப் பற்றிப் பேசினார். மெக்சிகோவிலிருந்து பெற்றோரை இழந்த சிறுமியாக வந்து, பள்ளிப் படிப்பை முடிக்க முடியாமல், பிறர் வீடுகளைத் துடைத்து வாழ்ந்தவர் விக்டோரியா காஸ்ட்ரோ. பாட்டி பிடித்த துடைப்பத்துக்குப் பதிலாகத் தாம் ஒலிவாங்கியைப் பிடிக்கும்படி தாய் போராடினார் என்று அவர் சொன்னது நாடெங்கும் மேற்கோளானது. எங்கள் ஊரில் அதைக் கேட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அது வேறொருவரின் கதையாக இருக்கவில்லை. அதே சமயம், வடக்குப் புறநகர்ப் பகுதிகளில் மெக்சிகோ வழியினரின் உரிமைகளுக்காக 1970-களில் இயங்கிய லா ராசா உனீடா கட்சியோடு அவருடைய தாய்க்கு இருந்த பழைய தொடர்பைச் சுட்டி, அந்தத் தீவிரம் மகனுக்குள்ளும் இருக்கும் என்று ஐயப்பட்டவர்களும் இருந்தார்கள். செகினின் காலத்து ஐயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்றே அப்போது நினைத்தேன்.

இப்போது வரிக்கு வருகிறேன். சான் அன்டோனியோவின் பள்ளிக் கதை நீண்ட துயரக் கதை. மேற்குப் பகுதியின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்துப் பெற்றோர், ஏழை வட்டாரப் பள்ளிகளுக்குக் குறைந்த பணம் கிடைப்பது அநீதி என்று தொடுத்த வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, கூட்டாட்சி அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்றது அத்தீர்ப்பு. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் பள்ளிகளுக்கான நிதியில் 500 கோடி டாலருக்கு மேல் வெட்டியது. நான்கு வயதுக் குழந்தைகளுக்கான முன்பள்ளி மானியமும் அதில் போயிற்று. நகராட்சிக்குப் பள்ளிகள் மீது அதிகாரமே இல்லை. இருந்தும் காஸ்ட்ரோ ஊரின் பெரிய நிறுவனத் தலைவர்களைக் கூட்டிக் குழு அமைத்து, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நகரமே முழுநாள் முன்பள்ளி நடத்தலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். விற்பனை வரியை எட்டில் ஒரு சென்ட் உயர்த்துவது, 8.125 விழுக்காட்டை 8.25 ஆக்குவது, எட்டு ஆண்டுகளுக்கு. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட். டெக்சாஸில் மளிகைப் பண்டங்களுக்கு விற்பனை வரி கிடையாது என்பதால் அரிசிக்கும் பருப்புக்கும் இல்லை. சோப்புக்கும் செருப்புக்கும் உணவகச் சாப்பாட்டுக்கும் உண்டு.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவில் நடந்த வாதங்களைப் போல் நேர்மையான அரசியல் பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பள்ளி மாவட்டங்கள் செய்ய வேண்டியதில் நகரம் ஏன் கை வைக்க வேண்டும்? நான்கு வயதில் பெற்ற பயன் மூன்றாம் வகுப்பில் கரைந்துவிடும் என்கிறார்களே? இவற்றை விடக் கூர்மையான கேள்வி பக்கத்து வீட்டுப் பெரியவருடையது: வரி எட்டு ஆண்டுகளுக்கு, ஆனால் இவர் எட்டு ஆண்டுகள் இங்கே இருக்கப் போவதில்லையே, தம் அடுத்த பதவிக்கு ஏணியாக எங்கள் காசைக் கேட்கிறாரா? அவருடைய மனைவி அதற்குக் கோபப்படவில்லை. மகள் இரண்டு இடங்களில் வேலை செய்ததால் மூன்று வயதுப் பேத்தியை வளர்த்துவந்தவர் அவர்தான். மேயர் போனாலும் பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 6 அன்று அதிபர் தேர்தலோடு சேர்ந்தே வாக்கெடுப்பு நடந்தது. ஆகவே மே மாதத்தின் மௌனம் இங்கில்லை. மேயர் தேர்தலுக்கு வராத லட்சக்கணக்கானோர் வந்திருந்தார்கள். ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 82 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அது சிறியது. ஆனால் முன்னது ஒரு மனிதரைப் பிடித்திருக்கிறதா என்பதற்கான விடை. பின்னது அவர் சொல்லை நம்பித் தம் பையிலிருந்து காசு எடுக்கத் தயாரா என்பதற்கான விடை. பெரியவர் எப்படி வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. 2013 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்தது; ஆகஸ்டில் முதல் இரண்டு மையங்கள் திறந்தன. பேத்தி முதல் அணியில் சேர்ந்தாள். பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்ததால், அந்த வீட்டின் மாலைப்பொழுதே மாறியது.

அதே ஆண்டு செப்டம்பரில், பாலின நாட்டம், பாலின அடையாளம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் விதியை மன்றம் 8-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றியது. தேவாலயங்கள் பல கடுமையாக எதிர்த்தன, காஸ்ட்ரோ பின்வாங்கவில்லை. அவருடைய செல்வாக்கு அந்தத் துணிவால் சிலரிடம் குறைந்தது, இன்னும் சிலரிடம் முதன்முறையாக உண்டானது. நடுநகரில் டிராம் வண்டி ஓட்டும் திட்டத்தில் மட்டும் அவர் மக்கள் மனத்தைத் தவறாகக் கணித்தார் என்பது என் எண்ணம். எதிர்ப்பு மனுக்கள் குவிந்து, அவர் போன உடனேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

2014 ஜூலையில் அவர் போனார். ஒபாமா அழைத்தார், செனட் 71-க்கு 26 என ஒப்புதல் அளித்தது, சிஸ்னேரோஸ் வகித்த அதே வீட்டுவசதித் துறை. பெரியவர் சொன்னது போலவே ஆயிற்று: எட்டு ஆண்டு வரியில் இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. ஊரில் கோபம் இருந்ததா என்றால், நான் கண்டது கோபமன்று. பிள்ளை வெளியூர் வேலைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் மனநிலைக்கு நெருங்கியது. 2019 ஜனவரியில் தாம் வளர்ந்த மேற்குப் பகுதியின் குவாதலூப் சதுக்கத்தில் அதிபர் தேர்தலுக்கான போட்டியை அறிவித்தபோது அந்த மக்கள் திரண்டு வந்தார்கள். நாட்டின் கருத்துக்கணிப்புகளில் அவர் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டவே இல்லை. 2020 ஜனவரி 2 அன்று விலகினார். 2012-இல் என்னைத் தொலைபேசியில் அழைத்த நண்பர்களில் எவரும் அன்று அழைக்கவில்லை.

அதே 2020 நவம்பரில்தான் நான் குடிமகனான பிறகு முதன்முறையாக வாக்களித்தேன். தொற்றுக்காலம், முகக்கவசத்தோடு நீண்ட வரிசை. நீளமான வாக்குச்சீட்டில் அதிபரில் தொடங்கி நீதிபதிகள் வரை வரிசையாக வந்து, கடைசிப் பகுதியில் அந்த எட்டில் ஒரு சென்ட் மேலும் எட்டு ஆண்டுகளுக்குத் தொடரலாமா என்ற கேள்வி இருந்தது. ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு சோப்புக்கும் செருப்புக்கும் கட்டிவந்த வரியைப் பற்றி என்னிடம் எவரேனும் முறைப்படி கருத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆம் என்றிருந்தார்கள். வாக்குச்சாவடியிலிருந்து வீடு திரும்பியபோது பெரியவர் தம் வேலிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தாம் போன வாரமே போய் வாக்களித்துவிட்டதாகச் சொல்லி, இம்முறை தாமாகவே, கடைசிக் கேள்விக்கு ஆம் என்று குறித்ததையும் சொன்னார். பேத்தி அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தாள்.